கைப்பாவை ஆட்டும்போது தோளும் கழுத்தும் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

முதலில் பாவையைத் தராசில் வையுங்கள். உடற்பயிற்சியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நான் இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கம் முன்பள்ளிகளில் கைப்பாவை ஆட்டுகிறவள். தொடங்கின புதிதில் ஒரே நாளில் மூன்று பள்ளிக்கூடம். என்னோடு ஆட்டினவர் நல்ல உயரம், திரைச்சேலையை அவருடைய அளவுக்குத்தான் கட்டியிருந்தோம். அவர் முழங்கையை மடித்து ஆட்ட, நான் கையை முழுக்க நீட்டி, நுனிக்காலில் எம்பி நின்று நரியை ஆட்டினேன். நரிக்கு நல்ல கைதட்டல். அடுத்த நாள் காலையில் தலை வாரச் சீப்பைத் தூக்க முடியவில்லை.

கை தலைக்கு மேலே நிற்கும்போது தோள்மூட்டுக்குள் தசைநார் எலும்புக்கடியில் நசிபடும். ஆட்டுவதைவிட, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கூடக் கெடுதி. நம்பாவிட்டால் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு பாட்டை முழுக்கப் பாடிப் பாருங்கள்.

பிறகு நரியின் மரத்தலையைக் கழற்றிவிட்டுக் கடதாசிக் கூழில் தலை செய்தேன். திரையையும் இறக்கினோம். பிள்ளைகள் பாயில் இருக்கிறார்கள், அவ்வளவு உயரம் எதற்கு? திரையின் மேல்விளிம்பு ஆட்டுகிறவரின் உச்சந்தலைக்குச் சற்று மேலே நின்றால் போதும், முழங்கை மடிந்து முகத்துக்கு முன்னால் வரும். குள்ளமானவர் பலகையில் ஏறி நிற்கட்டும், வெட்கமில்லை. கதையையும் மாற்றினேன். மூன்று நிமிடத்துக்கொரு தடவை நரி எதையாவது தேடி வெளியே போகும், என் கை கீழே இறங்கும். பாவையை அண்ணாந்து பார்த்தபடியே ஆட்டினால் கழுத்து போய்விடும். ஒத்திகையில் கண்ணாடி வைத்துப் பழகுங்கள். வாய் திறக்கும் பாவையென்றால் மேல்விரல்களைத் தூக்காமல் பெருவிரலைக் கீழே இறக்குங்கள், மணிக்கட்டு நேராக நிற்கும்.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் 10 கிலோ வரையுள்ள பாவைகளும் உண்டு. அதை அவர்கள் கையில் தூக்குவதில்லை. கயிறுகளைத் தலையில் அணிந்த வளையத்தில் கட்டிவிட்டு, பாவையின் கைகளை மட்டும் கம்பியால் அசைப்பார்கள். பாரம் முதுகெலும்பு வழியாக நேரே காலுக்கு இறங்கும். அதற்கும் பழகின கழுத்து வேண்டும், இன்றைக்கே செய்து பார்க்காதீர்கள்.

பழக்கம் என்றதும் இன்னொன்று. நம்மூரில் கூத்துக்குச் சட்டம் கொடுத்தால், அதாவது ஆளுக்குரிய பாத்திரத்தையும் பாட்டையும் பிரித்துக் கொடுத்தால், அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் களரியில், அதாவது ஆடுகளத்தில், ஆடிப் பழகுவார்கள். அதனால்தான் விடியவிடிய ஆட முடிகிறது. நாம் மட்டும் "பாவைதானே" என்று கதிரையில் இருந்து வசனம் படித்துவிட்டு நேரே திரைக்குப் பின்னால் போகிறோம். ஒத்திகையிலேயே பாவையைக் கையில் மாட்டுங்கள், முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் காலத்தில் திரைக்குப் பின்னால் அடுப்படி மாதிரி வேகும், தண்ணீர்ப் போத்தலைக் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் விறைத்தாலோ, அந்தப் பக்கம் சரிந்து படுக்கத் தோள் வலித்தாலோ எண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போகாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். நான் எண்ணெய் பூசிக்கொண்டு இன்னும் இரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிறகு ஆறு கிழமை இடது கையால்தான் தலை வாரினேன்.