நூடுல்ஸ் குழைந்து போகிறதா?

நான்கு பேருக்கு ஒரே வாணலியில் செய்யும்போது காய் தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் களியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாஸ் பிராண்டை மாற்றிப் பயனில்லை, சிக்கல் அளவில்தான். வீட்டு அடுப்புத் தீ அவ்வளவையும் தாங்காது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதும் வாணலியின் சூடு இறங்கி, காய் வதங்குவதற்குப் பதில் வெந்துவிடுகிறது. இரண்டு பேருக்கு ஒரு ஈடு என்று பிரித்துச் செய்யுங்கள்.

ஹக்கா நூடுல்ஸை முக்கால் பதத்தில் வடித்துவிடுங்கள். பாக்கெட்டில் 5 நிமிடம் என்றிருந்தால் 4 நிமிடத்திலேயே ஒன்றைக் கடித்துப் பாருங்கள், நடுவில் லேசான அழுத்தம் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஈரம் போக வேண்டும், அதுதான் முக்கியம். காலையிலேயே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் உதிரியாக வரும்.

நான்ஸ்டிக் வேண்டாம், அதை அவ்வளவு சூடாக்கக் கூடாது. இரும்பு வாணலி லேசாகப் புகையும்வரை காயட்டும். எண்ணெய், பூண்டு, அப்புறம் கேரட், கோஸ், கடைசியில் குடைமிளகாய். காய் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸைப் போட்டுவிடுங்கள். காயோடு உப்புச் சேர்க்காதீர்கள், அதுதான் தண்ணீரை வெளியே இழுக்கிறது. சோயா சாஸிலேயே போதுமான உப்பு உண்டு. ஒரு ஈட்டுக்கு 2 டீஸ்பூன், சூடான வாணலி ஓரமாக ஊற்றினால் மணம் தூக்கும். அரை டீஸ்பூன் வினிகர், மிளகுத்தூள், வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். மூடி மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆவி இறங்கி மறுபடி குழைந்துவிடும்.