டச்சு வாக்கியம் பாதியில் கவிழ்வது ஏன்?

கேள்வி: நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கிறேன், டச்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். சொற்களெல்லாம் தெரிந்தவைதான். ஆனால் வாக்கியம் முடியும்போது யார் யாரைப் பார்த்தது என்பதே தலைகீழாகிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டச்சில் கோளாறு இல்லை. பிறந்தது முதல் டச்சு பேசுகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

'டெ வ்ரௌ டீ டெ மன்னன்...' என்று ஒரு தொடர் ஆரம்பிக்கிறது. (அரசர் யாரும் இல்லை, இந்த 'மன்னன்' ஆண்கள்! 'வ்ரௌ' பெண்.) பெண்ணும் வந்தாயிற்று, ஆண்களும் வந்தாயிற்று, வினையைத்தான் காணோம். கடைசியில் 'ஹேஃப்ட் கெஸீன்' என ஒருமை வந்தால், ஆண்களைப் பார்த்த பெண். 'ஹெபன் கெஸீன்' எனப் பன்மை வந்தால், ஆண்கள் பார்த்த பெண். தமிழில் ஓர் 'ஐ' உருபு இதை முன்பே சொல்லிவிடும். டச்சுப் பெயர்ச்சொல்லுக்கு அந்த வசதி கிடையாது.

வினை வரும்வரை மூளை சும்மா இருப்பதில்லை. முதலில் வந்தவரே செய்தவர் என்று முடிவுகட்டிவிடும். இந்தச் சாய்வை மொழியியலாளர் லின் ஃபிரேசியர் 1987இல் டச்சு வாக்கியங்களை வைத்தே விளக்கினார். பன்மை வினை வந்ததும் கட்டியதைப் பிரித்துக் கட்ட வேண்டும். உங்கள் நேரம் போவது அங்கேதான்.

எல்லா வாக்கியமும் இப்படி இடறாது. மாக், ஃபோங்க், ஷ்ரீஃபர்ஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பெயரும் உயிருள்ளவையாக இருந்தபோதுதான் இந்தச் சிரமம் தெரிந்தது. செயப்படுபொருள் உயிரற்றதானால் மறைந்துவிட்டது. 'டெ ஃபீட்ஸ் டீ டெ யோங்கன்ஸ்...' என்று படித்தால் யாரும் குழம்புவதில்லை. பையன்கள் சைக்கிளைத் திருடலாம், சைக்கிள் பையன்களைத் திருடாதே!

ஆகவே இரண்டும் மனிதர்களாக இருந்தால் மட்டும், கண்ணை நேரே துணைவினைக்கு ('ஹேஃப்ட்', 'ஹெபன்') கொண்டுபோய் ஒருமையா பன்மையா என்று பாருங்கள். நடுவில் 'ஹை' வந்தால் அவன்தான் செய்தவன்; 'ஹெம்' வந்தால் அவனை. அங்கே காத்திருக்கவே வேண்டாம். இரண்டு பெயரும் ஒருமை என்றால் வினையும் கைவிட்டுவிடும், முந்தைய வாக்கியம்தான் கதி.

அப்புறம், 'மற்றும்' என்று பொருள்படும் 'என்' என்ற இணைப்புச் சொல் இன்னொரு வழுக்கல். 'டெ பூர்மன் க்ரூட்டெ அன்னா என் ஹார் ப்ரூர்' வரை படித்தால், பக்கத்து வீட்டுக்காரர் அன்னாவுக்கும் அவள் தம்பிக்கும் வணக்கம் சொன்னார் என்றே தோன்றும். அடுத்து 'லாக்டெ' வருகிறது: தம்பி சிரித்தானாம்! நீங்கள் எழுதும்போது அந்த 'என்' முன்னால் ஒரு கமா போட்டுவிடுங்கள். தாள் திருத்துகிறவருக்கும் இதே தடுமாற்றம் உண்டு.