பெரியப்பா குழுவை விட்டுப் போய்விட்டார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கணினித் தமிழ் என்று ஒரு தாள். பருவ முடிவில் ‘இந்தத் தாளில் நான் கற்றது’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மின்னஞ்சல் அனுப்பக் கற்றேன், ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யக் கற்றேன், தகவலைச் சரிபார்க்கக் கற்றேன் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே என் கையில் போன் வந்துவிட்டது. அதனால் இதெல்லாம் தெரிந்ததுதான் என்று முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரையைக் கோப்பாக இணைத்து அனுப்பச் சொன்னபோது கை நின்றுவிட்டது. போனில் இறக்கிய கோப்பு எங்கே போய் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கதைதான். ஒரு வாரத்தில் பழகிவிட்டோம். தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’ என்று அடிக்க மகரத்தை இரண்டு முறை தட்டியதும் முதல் மகரத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்தது. அன்று வகுப்பே சத்தம் போட்டது.

அடுத்த அசைன்மென்ட், வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது ஒரு தகவலை எடுத்துச் சரிபார்ப்பது. என் பெரியப்பா அடிக்கடி அனுப்பும் ஒன்றை எடுத்தேன். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்துவிடுகின்றன, நாசாவே வியக்கிறது என்ற செய்தி. நாசா அப்படி எங்கும் சொல்லவில்லை. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, அந்த ஓட்டம் நின்றால் அது கீழேதான் விழும் என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அதையே எங்கள் குடும்பக் குழுவிலும் போட்டேன். பத்து நிமிடத்தில் பெரியப்பா குழுவை விட்டுப் போய்விட்டார். ‘ரெண்டு எழுத்து படிச்சிட்டா பெரியவங்க சின்னவங்க தெரியாதா’ என்று அம்மா திட்டினார்.

கடைசி அசைன்மென்ட் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை. எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதினேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் ஏரி. சான்று இல்லை என்று நீக்கிவிட்டார்கள். எங்கள் ஏரியைப் பற்றி எனக்குத் தெரியாதா ஐயா?

வகுப்பில் ஜெயித்தேன், வீட்டில் பேச்சு வாங்கினேன், விக்கிப்பீடியாவில் தோற்றேன். நான் கற்றது படிப்பா, இல்லை திமிரா என்று புரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு மாணவி


அன்புள்ள மாணவிக்கு,

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். வகுப்பில் கொடுத்த இரண்டு பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது இந்தக் கடிதத்தைத்தான் என்று நினைக்கிறேன். தயங்காமல் உங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மகரத்துக்குப் புள்ளி விழுந்ததைப் படித்தபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ‘ந்த’, ‘ங்க’, ‘ம்ப’ என்று இன எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டினாலும் அப்படியே விழும். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்று நீங்கள் தொல்காப்பியத்தில் படிக்கும் மெய்ம்மயக்கத்தை அறிந்தவர்கள் சேர்ந்து 1999-இல் ஒழுங்குசெய்த விசைப்பலகை அது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் அந்த வசதி எனக்குத் தெரியாது. ஊரில் எல்லாரும் வைத்திருந்த பாமினி எழுத்துருவில் அடித்துச் சேமித்தேன். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் எழுத்துரு அது. ஆறு வருடம் கழித்து அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்திருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. ஒரு நாவலின் முதல் வரைவு முழுக்க அப்படி. ஒருங்குறியில் அடிக்கும் தமிழுக்கு அந்தக் கதி வராது. எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே நிற்கும், தேடினால் கிடைக்கும். ஒருங்குறியை ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். ஆனால் அது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சொத்து.

திருநள்ளாறு விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தியை நீங்கள் சரிபார்த்த விதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கவில்லை. வெளியே போய் நாசா என்ன சொல்கிறது, செயற்கைக்கோள் எப்படி ஓடுகிறது என்று தேடினீர்கள். இது சின்ன விஷயமில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் இணையதளங்களைக் காட்டி எதை நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக உள்ள அமைப்பு. இன்னொன்று 2002-இல் அதிலிருந்து கருத்து மாறுபட்டுப் பிரிந்த ஒரு சிறு குழு. பெயர் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், இரண்டாவதன் தளமும் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஊன்றிப் படித்துக்கொண்டே இருந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில விநாடிகளில் அதை விட்டு வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

தமிழ் படிக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், அந்த ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார் சைன காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவர் அதைப் படிக்க உட்கார்ந்தார். அவ்வளவு படித்தவருக்கும் சைன சமயச் சொற்கள் பிடிபடவில்லை. ஏட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபட்டிருக்காது. அவர் எழுந்து கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குப் போய், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். இடம் இடமாக ஏடு தேடி ஒப்பிட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. ஏட்டுக்கு வெளியே போய்த் தெரிந்தவரிடம் கேட்பது அன்று திண்ணையில் நடந்தது. இன்று தேடுபெட்டியில் நடக்கிறது. எனவே நீங்கள் கற்றது படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பெரியப்பா எழுந்து போனாரே. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

எனக்கு ஒரு அக்கா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2017-இல் மத்திய அரசு கிராமங்களுக்கென்று ஒரு டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. கருவியை இயக்குவது, மின்னஞ்சல் அனுப்புவது, இணையத்தில் பணம் கட்டுவது என்று 20 மணி நேரப் பயிற்சி. அதில் சொல்லித் தந்தது அத்தனையும் அக்காவுக்கு முன்பே தெரியும். ரயில் டிக்கெட்டைத் தானே போடுவாள், பேரனுக்கு ஃபீஸ் கட்டுவாள். காலையில் குழுவில் பூப்படம், மத்தியானம் மருத்துவக் குறிப்பு, ராத்திரி ஏதாவது ஓர் அதிசயச் செய்தி என்று அனுப்பிக்கொண்டும் இருப்பாள். நான் உடனுக்குடன் திருத்துவேன். ‘இது பொய், இணைப்பைப் பார்’ என்று எல்லார் முன்னாலும் போடுவேன். தம்பி படித்தவன், எழுதுகிறவன். ஒரு நாள் அவள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மாலை அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும் என்று. மின்வாரியத்தின் பெயரை வைத்து யாரோ அனுப்பியது. அவள் அழைத்தாள். மரியாதையாகப் பேசிய ஒருவன் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் அம்மா என்றிருக்கிறான். அந்தச் செயலி அவளுடைய திரையை அவனுக்கும் காட்டியது. கடவுச்சொல்லும் ஓடிபியும் அவன் கண்ணெதிரே வந்து போயின. 38,000 ரூபாய் போய்விட்டது.

அவள் என்னிடம் சொன்னது பதினொரு நாள் கழித்து. அதுவும் நான் வேறு எதற்கோ வங்கிப் புத்தகத்தைக் கேட்டதால். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அந்த நிமிடமே அழைத்திருந்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. பதினொரு நாள் கழித்து என்ன செய்வது? ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா நீ குரூப்புல போடுவியோன்னு பயமா இருந்துச்சுடா’ என்றாள்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது. குறுஞ்செய்தி வந்த சாயங்காலம் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு போன் அழைப்பு. ‘தம்பி, இப்படி ஒண்ணு வந்திருக்கு, நிஜமா?’ என்று கேட்டிருந்தால் போதும். வெளியே போய்க் கேட்பதைத்தான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். அவள் வந்து கேட்டிருக்க வேண்டிய வாசல் நான். ஒவ்வொரு முறையும் சரியாகவே பேசிப் பேசி நான் அதைச் சாத்தியிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது செய்தி பொய் என்று சொன்னதற்காக அல்ல. அது பொய்தான், அதில் பின்வாங்காதீர்கள். ஆனால் அதை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் டீ குடிக்கிற நேரத்தில், அவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். திருநள்ளாற்றில் அவருக்கு இருக்கும் பக்திக்கு நாசாவின் சாட்சி தேவையில்லை என்று சொல்லியிருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை அவர் போனில் ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று ஏதாவது வரும். கட்டாயம் வரும். அப்போது அவர் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும். பத்துக்கு ஒன்பது வாங்கியவருக்கு இந்தப் பொறுப்பும் உண்டு. எந்தத் தாளிலும் இது வராது, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

இனி உங்கள் ஏரி. நீக்கியவர்கள் மேல் கோபம் வேண்டாம். படிக்கும் யாரும் தானே போய்ச் சரிபார்க்க, ஏற்கெனவே வெளியான ஒரு மூலத்தை விக்கிப்பீடியா கேட்கிறது. உங்கள் பெரியப்பாவின் செய்தியிடம் நீங்கள் கேட்டதும் அதைத்தான். உங்கள் மாவட்டத்து ஏரிகளுக்கு மூலம் இல்லாமல் இல்லை. வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூர் ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்று பல்லவர் காலப் பெயரே உண்டு. தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள், மாவட்ட விவரங்களைத் தொகுத்த பழைய அரசு கெசட்டியர்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் பக்கம் பக்கமாக வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊரின் இன்றைய பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், பக்கத்து ஊர்ப் பெயரிலும் கூற்றம், கோட்டம் என்ற பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயரிலும் தேடுங்கள். வருடிய பக்கங்கள் பலவற்றில் தமிழ் எழுத்து தேடலில் சிக்காது. பொருளடக்கத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கட்டுரையில் ஏற முடியாத இன்னொன்றும் இருக்கிறது. எத்தனை மதகு, எந்த மதகுத் தண்ணீர் யார் நிலத்துக்கு, கடைசியாக ஏரி நிரம்பிக் கோடி போனது எந்த வருடம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் நீர்க்கட்டி வேலையை எந்தக் குடும்பம் பார்த்தது என்பதெல்லாம் எந்த கெசட்டியரிலும் கிடைக்காது. உங்கள் பெரியப்பா வயதுக்காரர்களிடம்தான் கிடைக்கும். அவரையே கூப்பிடுங்கள். ‘பெரியப்பா, ஏரியைப் பத்திக் கேக்கணும், கூட வரீங்களா’ என்று கேளுங்கள். அவர் சம்மதத்தோடு அவர் பேச்சைப் போனில் பதிவு செய்து, அதே பாமினிக்காரன் சொல்கிறேன், ஒருங்குறியில் எழுதி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். நீங்களே எடுத்த படங்களை, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம், ஏரிப் படத்துக்கு அங்கே யாரும் சான்று கேட்கமாட்டார்கள்.

மதகுக்குப் போகும்போது காலையில் சீக்கிரம் போங்கள். கல்தூண் இருந்தால் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்து ஏதாவது இருந்தால் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். அப்படித் தெரிந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்.