வளரும் பிள்ளைக்குப் பெரிய வீல்சேர் வாங்கலாமா?

கேள்வி: பார்வையற்ற கல்லூரி மாணவன் நான். கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார் விற்பனையாளர். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2006-இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர்தான். ஒரு மாதம் அதில் வேலை செய்து பாருங்கள். உங்கள் பாடத்துக்குத் தேவையான ஏதாவது ஒன்று அதில் ஓடவில்லை என்றால், அப்புறம் சந்தாவை யோசிக்கலாம்.

கேள்வி: 9 வயது மகளுக்கு வீல்சேர் வாங்கினோம். அலைச்சல் வேண்டாமென்று அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனோம். வளரும் பிள்ளையாயிற்றே என்று இரண்டு அளவு பெரியதாக எடுத்தோம். இப்போது தானாகத் தள்ளவே மாட்டேன் என்கிறாள். சோம்பலா?

பதில்: சோம்பல் இல்லை, அவளால் முடியவில்லை. செருப்பு வாங்கக்கூடக் காலைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நாள் முழுக்க உட்காரும் நாற்காலிக்கு அவளை ஏன் அழைத்துப் போகவில்லை?

இன்று அவளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தைப் பிடிக்க இரண்டு கைகளையும் அகல விரிப்பாள், தோள் ஏறிவிடும், உடம்பு ஒரு பக்கம் சரியும். அப்படியே பல மாதம் உட்கார்ந்தால் முதுகும் அந்தச் சாய்வுக்குப் பழகிவிடும். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தை ஒட்டி இருக்க வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். காலில் உணர்ச்சி குறைவு என்றால் அழுத்தம் குறைக்கும் மெத்தை கட்டாயம். இல்லையென்றால் புண் வந்தாலும் அவளுக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2008 வழிகாட்டி, வீல்சேர் கொடுப்பதை 8 படிகளாகப் பிரிக்கிறது. அதில் ஆர்டர் செய்வது நான்காவது படி. ஆளைப் பார்த்து மதிப்பிடுவது இரண்டாவதாகவே வந்துவிடுகிறது. நீங்கள் நேராக நான்காவதுக்குப் போய்விட்டீர்கள்.

மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வளர வளர அகலத்தைக் கூட்டக்கூடிய வீல்சேர் சட்டகங்கள் இருக்கின்றன. இந்த முறை இயன்முறை மருத்துவர் ஒருவர் அளக்கட்டும், மகளும் கூட வரட்டும்.

கேள்வி: டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள மகனுக்கு வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு சரியாகுமா?

பதில்: ஆகாது, கோளாறு கண்ணில் இல்லை.

கேள்வி: இணையத்தில் “காது மெஷின்” என்று போட்டிருந்ததை நம்பி மகனுக்கு வாங்கினேன். வகுப்பில் ஒரே இரைச்சல் என்று அழுகிறான். திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என் தப்புதானா?

பதில்: உங்கள் தப்பில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் கூட்டும் வெறும் ஒலிபெருக்கியாக இருக்கலாம். உண்மையான காது மெஷினை ஆடியோகிராம் (கேட்கும் திறனைச் சோதித்து வரைந்த வரைபடம்) பார்த்து, எந்தச் சுருதி கேட்கவில்லையோ அதற்கேற்ப அமைப்பார்கள். முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அதிகச் சத்தம் கெடுக்கும். விளம்பரம் மறைவதற்குள் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் கெஞ்ச வேண்டாம்.

நானும் இதில் பட்டிருக்கிறேன். ஆசிரியர் பேசுவது நேராகக் காதில் விழட்டும் என்று காது மெஷின் போட்டிருக்கும் என் மகளுக்கு மைக்கும் கழுத்தில் மாட்டும் வளையமும் வாங்கினேன். அந்த வளையம் வேலை செய்ய, அது அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் டெலிகாயில் என்ற சின்னக் கம்பிச்சுருள் மெஷினுக்குள் இருக்க வேண்டும். அவளுடையதில் இல்லை. முதல் நாள் ஆசையாக மாட்டிக்கொண்டு போனவள், மாலையில் பேசாமல் மேஜைமேல் வைத்தாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. மைக் வாங்குவதாக இருந்தால் மெஷினின் மாடலைச் சொல்லிப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆசிரியர் அனுப்பும் தமிழ்க் குறிப்புகளை என் கணினி “ஜே, கே, பி, ஓ” என்று உளறுகிறது. புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். நான் பார்வையற்ற மாணவி.

பதில்: வாங்காதீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த குறிப்பு. கண்ணுக்குத்தான் “தமிழ்”, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. கணினி உள்ளதை உள்ளபடி படிக்கிறது. தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதற்கு மாற்றும் கருவிகள் இலவசம். அடுத்த முறை யூனிகோடிலேயே அடித்துத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.