சசாங்க்னா முயலா, களங்கமா?

கேள்வி: பையனுக்கு சசாங்க்னு பேர் வெச்சு பர்த் சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. மொபைல்ல தேடினா 'சந்திரன்'னு மட்டும் போட்டிருக்கு. எங்க மாமனார் சந்திரசேகர், 'அதுல களங்கம்னு அர்த்தம் வருது, பேர மாத்து'ன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். மாத்திடலாமா சார்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: மாத்தாதீங்கம்மா. வடமொழில சசம்னா முயல், அங்கம்னா அடையாளம், ரெண்டையும் சேத்தா முயல அடையாளமா வெச்சிருக்கறவன், அதாவது நிலா. அந்த அங்கத்துக்கு மடின்னும் ஒரு அர்த்தம் உண்டு, அப்படி பாத்தா முயல மடியில வெச்சிருக்கறவன், எனக்கென்னவோ இதுதான் பிடிச்சிருக்கு. களங்கம்ங்கறது வேற சொல்லு, காதுக்கு ஒரே மாதிரி கேக்குதுன்னு உங்க மாமனார் ரெண்டையும் முடிச்சு போட்டுட்டார்.

மொபைல் லிஸ்டும் அரைகுறைதான். சந்திரன்னு ஒரே வார்த்தைய காப்பி பண்ணி கண்ட பேருக்கெல்லாம் ஒட்டி வெச்சிருக்காங்க. சசி, சசாங்க் ரெண்டுலயும் முயல் இருக்கு, மயங்க்ல மான் இருக்கு (மிருகாங்கன்தான் வடக்க தேஞ்சு மயங்க் ஆயிடுச்சு), ராகேஷ்ல வர்ற ராகாவுக்கும் பாட்டு ராகத்துக்கும் சம்பந்தமே இல்ல, அது பௌர்ணமி, வேலூர் பஸ் ஸ்டாண்டுல கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடறாங்களே அதே பௌர்ணமி. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் காதுல விழற கமர், ஹிலால், பத்ர் மூணும் அரபி, கமர் நிலா, ஹிலால் பிறை, பத்ர் முழுநிலா. எல்லாத்துக்கும் 'சந்திரன்'னு ஒரே சீட்டு கிழிச்சு குடுத்தா எப்படி?

முயல் அங்க எப்படி போச்சுங்கறதுக்கு புத்த ஜாதகக் கதைல ஒண்ணு இருக்கு. பசின்னு வந்த பிராமணனுக்கு குடுக்க ஒண்ணுமில்லாத முயல், என்னையே சுட்டு சாப்பிடுங்கன்னு நெருப்புல குதிக்குது, ஆனா நெருப்பு சுடல, ஏன்னா வந்தது வேஷம் போட்ட இந்திரன். அவன் அசந்து போயி, இது காலத்துக்கும் தெரியணும்னு ஒரு மலைய புழிஞ்சு அந்த சாறுல நிலா மேல முயல் படத்த வரைஞ்சானாம். மலையப் புழிஞ்சு! சீனாக்காரங்களும் அங்க முயலத்தான் பாக்கறாங்க, 2013ல நிலாவுல எறக்கின வண்டிக்கு யூட்டுன்னு அந்த முயல் பேரத்தான் வெச்சாங்க. நமக்குதான் அது வடை சுடற பாட்டி. விஞ்ஞானிங்கள கேட்டா எரிமலைக் குழம்பு பள்ளத்துல ரொம்பி காஞ்சு போன கரும்பாறை, பெரும்பாலும் 300 கோடி வருஷத்துக்கு முந்தினதும்பாங்க. காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கு, ஆனா முயல பாக்க அவ்ளோ தூரம் போக வேணாம், உங்க வீட்டு மொட்டை மாடி போதும்.

சரி, பேச்சுக்கு களங்கம்னே வெச்சுக்குவோம். நல்ல குடில பொறந்தவங்க கிட்ட இருக்கற குத்தம் நிலாவுல இருக்கற மறு மாதிரி ஒசரத்துல பளிச்சுன்னு தெரியும்னு 957வது குறள் சொல்லுது, தரையில கெடந்தா யார் பாக்கப் போறாங்க. 7ம் நூற்றாண்டுல வங்காளத்து கௌட நாட்ட ஆண்ட ராஜா பேரே சசாங்கன்தான், ஹர்ஷரோட மல்லுக்கு நின்ன ஆளு, அவர யாரும் பேர மாத்துன்னு சொன்னதா தெரியல.

உங்க மாமனார் பேருக்கு என்ன அர்த்தம்னு அவரையே கேளுங்க. சந்திரசேகர்னா சந்திரன தலையில வெச்சிருக்கறவர், அது என்ன கழுவி துடைச்சு வெச்ச தனி நிலாவா? மாத்தித்தான் ஆகணும்னா மொதல்ல அவர் ஆதார் கார்டுல மாத்திட்டு வரட்டும், பேரன் பேர அப்புறம் பாத்துக்கலாம்.