மந்த காலத்தில் முதல் வேட்டை ரைபிள்: புதியதா, கைமாறியதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கனடாவுக்கு வந்து மூன்று வருடம், துப்பாக்கி உரிமம் இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கு வரச் சொல்லி கூட வேலை செய்பவர்கள் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஓவர்டைம் நின்றுவிட்டது, ஆட்குறைப்புப் பேச்சும் கிளம்பிவிட்டது. கடையில் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து விற்கிற புது ரைபிளை வாங்குவதா, வேலை இழந்த ஒருவர் விற்கிற 2010-ஆம் ஆண்டு ரெமிங்டன் 700-ஐ, .30-06 தோட்டா அளவில், வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைமாறியதையே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் கடையிலுள்ள மலிவான புதியதை எடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் 2009-இல் நான் செய்த தவறு. அப்போது எனக்கும் பாதி ஷிஃப்ட்தான். ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். தேக்கு நிறத்தில் பளபளவென்று மெருகேற்றிய, தோளில் ஊன்றும் மரக்கட்டை, துருவே இல்லாத குழல், கடை விலையில் பாதி. மரத்தின் அழகைப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். குழலின் வாயை நான் பார்க்கவே இல்லை. பயிற்சித் திடலில் 100 கஜ தூரத்தில் வைத்துச் சுட்டால் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் துளைகள் சிதறின. என் கை நடுக்கம் என்று நினைத்தேன். நான்கு பெட்டி தோட்டா தீர்ந்தது. கடைசியில் ஒரு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் குழலின் வாயை விளக்கில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: முந்தைய சொந்தக்காரர் வருடக்கணக்காக வாய்ப்பக்கத்திலிருந்தே இரும்புக் கம்பியை விட்டுத் துடைத்திருக்கிறார், அந்த விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. தோட்டா குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அதுதான். அங்கே விளிம்பு சமமாக இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு வெளியேறித் தோட்டாவைச் சாய்த்துவிடும். குழலின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, விளிம்பைப் புதிதாகக் கடைந்து கொடுத்தார். அப்புறம் அந்த ரைபிள் நன்றாகவே சுட்டது. ஆனால் அந்த வருட வேட்டைக் காலம் போனது போனதுதான். தோட்டாவுக்கும் பழுதுக்கும் ஆன செலவையும் சேர்த்தால் நான் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இப்படி நடந்தும் ஏன் கைமாறியதைச் சொல்கிறேன் என்றால், வேட்டை ரைபிள் மிகக் குறைவாக வேலை செய்யும் பொருள். காரைப் போல தினமும் ஓடுவதில்லை. ஒரு சாதாரண மான் வேட்டைக்காரர் பருவத்துக்கு முன்னால் ஸ்கோப்பைச் சரிபார்க்கப் பத்துப் பதினைந்து தோட்டா சுடுவார், காட்டில் ஒன்றோ இரண்டோ. வருடம் 20 என்று வைத்தாலும் 30 வருடத்தில் 600 தோட்டாதான். .308, .30-06 போன்ற அளவுகளில் ஒரு நல்ல குழல் சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். ஆக முப்பது வருடப் பழைய ரைபிள் என்பது பெரும்பாலும் தன் ஆயுளில் சின்னப் பகுதியை மட்டுமே செலவழித்த ரைபிள். அதைக் கெடுப்பது சுடுவது அல்ல. ஈரத்தில் நனைந்தபடி உறையில் போட்டு வைப்பது, துடைக்காமல் விடுவது, எனக்கு வாய்த்ததுபோல தவறாகத் துடைப்பது, இவைதான். வெடிமருந்து அதிகம் அடைத்த மேக்னம் அளவுகள் வேறு கதை. அவற்றில் குழல் சீக்கிரம் தேயும், தோளிலும் பலமாக உதைக்கும், தோட்டாவும் விலை அதிகம். முதல் ரைபிளுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மந்த காலத்தில் சந்தையில் என்ன நடக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சம்பளம் நன்றாக வரும்போது ஒருவர் மூன்று ரைபிள் வாங்கி அலமாரியில் வைக்கிறார். வேலை போனதும் முதலில் விற்பது அதைத்தான். அதனால் நல்ல சரக்கு வெளியே வரும் நேரமும் இதுதான். இன்னொரு பக்கம், தயாரிப்பாளர்கள் விலையைக் குறைக்கப் போராடுவார்கள். 2008 நெருக்கடிக்குப் பிந்திய சில வருடங்களில்தான் சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற மலிவு ரைபிள்கள் சந்தைக்கு வந்தன. பிளாஸ்டிக் கட்டை, பார்வைக்கு எளிமை, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) இழுக்கையில் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் குறி தவறாது. என் மருமகன் ஆக்ஸிஸ்தான் வைத்திருக்கிறான், நான் குறை சொல்லமாட்டேன்.

செலவைக் குறைக்கும் வேலை எப்போதும் நல்லபடியாக முடிந்ததில்லை என்பதற்கும் பழைய உதாரணம் உண்டு. வின்செஸ்டர் மாடல் 70-இன் தயாரிப்பை 1964-இல் சிக்கனத்துக்காக மாற்றினார்கள். அதற்கு முந்தியவற்றுக்கு வேட்டைக்காரர்கள் இன்றும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அப்புறம் உத்தரவாதம். புதியது வாங்கினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். ரெமிங்டன் 2018-இல் ஒரு முறை திவால் மனு போட்டு மீண்டது, 2020-இல் மறுபடியும் போட்டு இந்த முறை துண்டு துண்டாக விற்கப்பட்டது. மார்லின் பிராண்டை ரூகர் வாங்கியது அந்த ஏலத்தில்தான். கம்பெனி நிற்கும் வரைதான் அதன் உத்தரவாதமும் நிற்கும்.

சரி, உங்களுக்கு வந்திருக்கிற அந்த ரெமிங்டனுக்கு வருவோம். இந்தப் பதிலை நான் உடனே எழுத உட்கார்ந்ததே அதன் வருடத்தைப் பார்த்துத்தான். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான மாடல் 700 ரைபிள்களில் எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற விசை (ட்ரிகர்) அமைப்பு இருக்கும். விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்புண்டு என்று சொல்லி நிறுவனமே 2014-இல் அவற்றைத் திரும்ப அழைத்தது. உள்ளே பூசிய ஒட்டுப்பசை சிலவற்றில் அதிகமாகப் போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நிறைய ரைபிள்கள் திரும்பிப் போய்ச் சரியாகி வந்தன. போகாமல் அலமாரியிலேயே இருந்தவையும் உண்டு. விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: திரும்ப அழைத்தபோது அனுப்பினீர்களா, அதற்கான தாள் இருக்கிறதா? இல்லை என்றாலும் பேரத்தை விட வேண்டியதில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வேறு நல்ல விசை அமைப்பைப் பொருத்தச் சொல்லுங்கள், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மாடல் 700-க்கு டிம்னி போன்றவர்கள் செய்யும் மாற்று விசைகள் எளிதாகக் கிடைக்கின்றன. அது மாறும்வரை அந்த ரைபிளில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்க வேண்டாம், விற்பவர் பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாலும் சரி.

பார்க்கப் போகும்போது முதலில் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையும், மிச்சத் தோட்டாக்கள் இருக்கும் மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். தோட்டாவைச் சுழற்றிவிடும் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கறுப்புப் புள்ளிக் குழிகள் இருக்கக்கூடாது. குழல் வாயின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், நான் செய்யாத வேலை அது. ஸ்கோப் பொருத்தும் திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே நோண்டியிருக்கிறது என்று அர்த்தம். கட்டையில் பிடி சேரும் கழுத்துப் பகுதியிலும், போல்ட்டுக்குப் பின்னால் உலோகம் மரத்தைத் தொடும் இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். குழலில் பொறித்த தோட்டா அளவும் விற்பவர் சொல்லும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிலர் அறையைக் கடைந்து அளவையே மாற்றியிருப்பார்கள். போல்ட் வேறு ரைபிளிலிருந்து வந்ததாகச் சந்தேகம் வந்தால், தோட்டா அறையில் உட்காரும் இடைவெளியை அதற்கான அளவுக்கருவி வைத்துச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். கடைசியாக, காலி ரைபிளில் சேஃப்டியை (விசை வேலை செய்யாமல் தடுக்கும் பொத்தான்) போட்டு விசையை இழுங்கள், விட்டுவிடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். அந்த நேரத்தில் உள்ளே டிக் என்று சத்தம் கேட்டால் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். முடிந்தால் திடலில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்க்கக் கேளுங்கள், நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 மே 18 முதல், தனியாரிடம் சாதாரண வேட்டை ரைபிள் வாங்கினாலும் உங்கள் உரிமம் செல்லுபடியாகிறதா என்று விற்பவர் கனடிய துப்பாக்கித் திட்டத்தில் சரிபார்த்து ஒரு குறிப்பு எண் பெற வேண்டும். அந்த எண் 90 நாள் வரை செல்லும். எண் வேண்டாம், தெரிந்தவர்தானே என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் எதையும் இப்போது பழையதாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 2020 மே 1-இல் சுமார் 1,500 மாடல்கள், 2024 டிசம்பரில் 324, 2025 மார்ச்சில் 179 எனத் தடைப்பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. அரைவிலைக்கு யாராவது அப்படி ஒன்றைத் தள்ளப் பார்த்தால் காரணம் அதுவாக இருக்கலாம். உங்களைப் போன்ற புதியவருக்கு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுக்கும் போல்ட் ஆக்‌ஷன் போதும்.

ஸ்கோப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புதியதா பழையதா என்ற கணக்கே அங்கேதான் திரும்புகிறது. கடையில் சேர்த்துத் தரும் ஸ்கோப்புகள் பெரும்பாலும் சுமார்தான். மான் அசைவது அந்தி வெளிச்சத்தில், அந்த அரைமணி நேரத்தில் மலிவுக் கண்ணாடி சாம்பல் நிறமாகிவிடும். ரைபிளில் மிச்சமாகும் பணத்தை இதில் போடுங்கள். லூப்போல்ட் ஸ்கோப் பழையதாக வாங்கினாலும் பயமில்லை, அவர்களுடைய ஆயுள் உத்தரவாதம் ரசீது கேட்பதில்லை, முதல் சொந்தக்காரர் யார் என்றும் பார்ப்பதில்லை. தோட்டாவுக்கும் நான்கைந்து பெட்டிக்கான பணம் ஒதுக்குங்கள். .30-06, .308, .270 மூன்றும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். .30-06 என்பதில் உள்ள 06 அது வந்த வருடம், 1906. நூறு வருடத்துக்கு மேலாகியும் கடையில் நிற்கிற அளவு, அதனால் உங்கள் தேர்வில் தவறில்லை. பூட்டையும் மறக்காதீர்கள். வீட்டில் ரைபிள் தோட்டா இல்லாமல், விசைப்பூட்டு போட்டோ பூட்டிய அலமாரியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு உங்களுடையது, நீங்கள் இரண்டையும் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்பவர் வேலை இழந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். விசைச் செலவைக் கழித்துக் கேளுங்கள், குழலில் குறை இருந்தால் அதற்கும் கழியுங்கள். ஆனால் அவருக்கு வாடகை கட்ட அவசரம் என்று தெரிந்து அதை வைத்து விலையை இன்னும் அமுக்காதீர்கள். 2009-இல் என் வீட்டுப் பொருளை நானும் விற்றிருக்கிறேன். வாங்க வந்தவர் என் நிலைமையைப் பார்த்துப் பேரம் பேசிய நாளை இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடமே வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். மூன்று மாத வாடகை வங்கியில் இல்லையென்றால், தவணைக்கோ கடன் அட்டைக்கோ போகாதீர்கள். உங்களிடம் உரிமம் இருப்பதால் நண்பர் தன்னிடமுள்ள வேட்டை ரைபிளைச் சட்டப்படியே இரவல் தரலாம். முதல் பருவத்தை அப்படிக் கழித்தவர்கள் நிறைய. கட்டையின் நீளம் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா, எவ்வளவு எடையைத் தூக்கி நடக்க முடிகிறது, எவ்வளவு உதையைத் தோள் தாங்குகிறது என்பதெல்லாம் இரண்டு நாள் காட்டில் நடந்தால்தான் தெரியும். இறைச்சிச் செலவு மிச்சமாகும் என்ற நினைப்பில் வாங்குவதாக இருந்தால், வேட்டை உரிமம், டேக் (மான் சுட வாங்கும் அனுமதிச் சீட்டு), பெட்ரோல் எல்லாம் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் மான் கிடைக்காமலும் போகலாம்.

அந்த ரெமிங்டனைப் பார்க்கப் போவதென்றால் ஒரு கிழமை முன்னதாகச் சொல்லுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் நானே கூட வருகிறேன், டார்ச்சும் குழல் பார்க்கும் கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன.