சீட்டுப் பணத்தோடு வெளிநாடு ஓடியவரை ரெட் நோட்டீஸ் போட்டதும் பிடித்துவிடலாமா?

கேள்வி வேலூர்க்காரர் ஒருவருடையது. தலைமறைவாக நாடு நாடாய்ச் சுற்றியவர்களின் தன்வரலாறுகளில் வருவதுபோல, ரெட் நோட்டீஸ் வந்தால் எந்த ஏர்போர்ட்டிலும் விலங்கு விழுமா என்கிறார்.

விழாது. ரெட் நோட்டீஸ் என்பது, ஓடியவரைத் தேடிப் பிடிக்க உதவுங்கள் என்று பல நாட்டுப் போலீஸை இணைக்கும் இன்டர்போல் அமைப்பு அனுப்பும் கோரிக்கை. கைது வாரன்ட் அல்ல. அதை வைத்து என்ன செய்வதென்று அந்தந்த நாடுதான் முடிவெடுக்கும். அமெரிக்காவில் அதை மட்டும் காட்டி யாரையும் கைது செய்ய முடியாது.

அதற்கும் முன்பே ஓட்டை விழுவது லுக்அவுட் சர்க்குலரில், அதாவது ஆள் நாட்டைவிட்டுப் போகாமல் ஏர்போர்ட்டிலேயே தடுக்கச் சொல்லும் அறிவிப்பில். மாவட்ட எஸ்.பி. அனுப்பினால் இமிக்ரேஷன் கணினியில் ஏறும். பாஸ்போர்ட் எண் இல்லாமல் அனுப்பினால் சிக்கல். எஃப்.ஐ.ஆரில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக. இரண்டும் பொருந்தாமல் ஆள் தாராளமாகப் பறந்துவிடலாம்.

போனபின் வேலை இழுக்கும். சத்துவாச்சாரி கோர்ட்டில் தேதி வரம்பில்லாத பிடிவாரன்ட் வாங்கி, சி.பி.ஐ. வழியாக இன்டர்போலுக்குப் போக வேண்டும். ஆளை ஒப்படைக்கக் கேட்பது தனி வேலை. அது வெளியுறவு அமைச்சகம் வழியாக. தமிழ் வாக்குமூலங்கள் அனைத்தையும் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஏமாந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இதிலேயே மாதங்கள் ஓடும். செய்த காரியம் அவர் போய் இருக்கும் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். வெறும் கடன் தகராறு என்று வக்கீல் வாதாடுவது இந்த இடத்தில்தான். அதனால் போலி ரசீது, பொய் வாக்குறுதி என்று ஏமாற்றும் நோக்கத்தை முதல் புகாரிலேயே எழுதுங்கள்.

ஒப்படைத்தாலும் நிபந்தனை வரும். 2005-இல் மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை போர்ச்சுகல் அனுப்பியபோது, மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேல் சிறையோ கிடையாது என்று இந்தியா உறுதி கொடுத்திருந்தது.